ஈசிஈ பட்டம், ஏஐ வேலை: சிங்கப்பூரில் எந்த வழி யாருக்கு?

ஈசிஈ என்னும் மின்னணுவியல், தகவல் தொடர்புப் பொறியியல் படித்துவிட்டு ஏஐ (செயற்கை நுண்ணறிவு) பக்கம் வர நினைப்பவர்கள் கணக்கை நினைத்துத்தான் முதலில் மலைக்கிறார்கள். அவ்வளவு மலைக்க வேண்டாம். சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் தாளில் தேறியவருக்குக் கன்வல்யூஷன் (ஒரு சிறு எண்வரிசையைத் திருப்பிப் போட்டு, சிக்னல் மேல் நகர்த்தி நகர்த்திப் பெருக்கிக் கூட்டும் கணக்கு) புதிதல்ல. நியூரல் நெட்வொர்க்காரர்கள் அந்தப் பெயரில் செய்வதில் கெர்னல் என்னும் அந்தச் சிறு எண்வரிசையைத் திருப்பிப் போடுவதே இல்லை. ஈசிஈ பாடத்தின்படி அது வெறும் கிராஸ் கோரிலேஷன். இடறுவது நிரல் எழுதும்போதுதான். கல்லூரியில் பழகிய மேட்லாப் மொழியில் வரிசை எண்ணிக்கை 1இல் தொடங்கும், ஏஐக்கு எழுதும் பைத்தானில் 0இல். மேட்லாபின் நட்சத்திரக் குறி அணிகளைப் பெருக்கும். பைத்தானின் கணக்கு நூலகமான நம்பையில் அதே குறி உறுப்புக்கு உறுப்பு பெருக்கிவிட்டு, சதுர அணியாக இருந்தால் பிழையும் காட்டாமல் போய்விடும். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட், லினக்ஸ் இயங்குதளம், தரவுத்தளத்திலிருந்து கேட்டெடுக்கும் எஸ்கியூஎல் மூன்றும் பட்டப்படிப்பில் அரைகுறையாகத்தான் வந்திருக்கும். கீழே சொல்லும் எந்த வழிக்கும் இவை முன்கூட்டியே வேண்டும்.

முதுகலைப் பட்டம்தான் எல்லாரும் முதலில் கேட்பது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் தேசியப் பல்கலைக்கழகத்திலும் ஏஐ முதுகலை இருக்கிறது. கட்டணம் ஐந்து இலக்கம். முழுநேரமாகச் சேர்ந்தால் அந்தக் காலத்துச் சம்பளத்தையும் செலவுக் கணக்கில் எழுதுங்கள். பகுதிநேரம் என்றால் ஈராண்டு மாலைகள். பாட வேலைகளில் கிடைக்கும் தரவு பெரும்பாலும் துடைத்து வைத்த தரவு என்பதால், பட்டம் வாங்கியவரும் நேர்காணலில் அழுக்குத் தரவைக் கண்டு திகைப்பதுண்டு. ஆய்வுப் பக்கம் போகிறவர்களுக்கு இது தேவை. எம்பிளாய்மென்ட் பாஸில் (வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதி) இருப்பவர்களுக்கு இன்னொரு பயன் உண்டு: அந்தப் பாஸுக்கான காம்பஸ் புள்ளி முறையில் தகுதிக்கான புள்ளி சாதாரணப் பட்டத்துக்கு 10, முன்னணிப் பல்கலைக்கழகப் பட்டத்துக்கு 20. தேற வேண்டியது 40 என்னும்போது அந்த 10 பெரிய வித்தியாசம்தான்.

தேசிய ஏஐ திட்டமான ஏஐ சிங்கப்பூர் நடத்தும் பயிற்சித் திட்டம் செலவில்லாத வழி. மாத உதவித்தொகையும் உண்டு. ஆனால் சிங்கப்பூரர்களை மனத்தில் வைத்து அமைத்தது. எந்தத் துறைப் பட்டம் என்று பார்ப்பதில்லை, தேர்வைத்தான் பார்க்கிறார்கள். தரவை அலசிய நோட்புக் (நிரலும் அதன் விளைவும் சேர்ந்த கோப்பு) ஒன்று, முதலிலிருந்து முடிவுவரை தானே ஓடும் பைப்லைன் ஒன்று, இரண்டும் கொடுக்க வேண்டும். கவிழ்வது இரண்டாவதில்: நோட்புக்கில் ஓடியதை அப்படியே ஒரே கோப்பில் கொட்டுவது, சொந்த மடிக்கணினியின் கோப்புறைப் பாதையை நிரலுக்குள் எழுதிவைப்பது, தரவைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிக்கும் முன்பே மொத்தத்துக்கும் ஸ்கேலிங் (எண்களை ஒரே அளவுக்குள் கொண்டுவருதல்) செய்வது. அனுப்புமுன் வேறொரு கணினியில் கிட்டிலிருந்து இறக்கி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

மூன்றாவது வழியை யாரும் வழி என்றே நினைப்பதில்லை: வேலை செய்யும் சிப் தொழிற்சாலைக்குள்ளேயே ஏஐ வேலைக்கு நகர்வது. உட்லண்ட்ஸில் மைக்ரானும் குளோபல்ஃபவுண்ட்ரிஸும், பாசிர் ரிஸில் எஸ்எஸ்எம்சியும் இருக்கும் ஊர் இது. ஃபேப் என்னும் சிப் தொழிற்சாலையில் கருவி ஒவ்வொன்றும் அழுத்தம், வெப்பம், வாயு ஓட்டம் என்று நொடிக்கு நொடி எழுதித் தள்ளுகிறது. அதைப் படிக்கத் தெரிந்த கணினி அறிவியல் பட்டதாரி அரிது. படிக்கத் தெரிந்த எக்விப்மென்ட் எஞ்சினியருக்கு (கருவிகளைப் பராமரிப்பவர்) தரவிலிருந்து கற்றுக் கணிக்கும் மாடல் தெரியாது. இந்த இடைவெளிதான் ஈசிஈக்காரரின் இடம்.

இங்கே வரும் தவறுகளும் தனி ரகம். ஆயிரத்தில் ஒரு வேஃபர் (சிப்புகள் உருவாகும் சிலிக்கான் தட்டு) பழுது என்றால், எல்லாமே நல்லது என்று சொல்லும் மாடலுக்கும் 99.9 விழுக்காடு துல்லியம் வரும். ஆகவே துல்லியத்தைப் பார்க்காமல், எத்தனை பழுதைப் பிடித்தது, எத்தனை பொய் எச்சரிக்கை அடித்தது என்று பாருங்கள். பொய் எச்சரிக்கை கூடினால் கருவி சும்மா நிற்கும், ஷிஃப்டில் இருப்பவர் அடுத்த வாரமே மாடலை அணைத்துவிடுவார். லாட் என்னும் ஒரு தொகுதியில் 25 வேஃபர்கள் சேர்ந்தே பயணிக்கின்றன; வேஃபர்வாரியாகக் குலுக்கிப் பிரித்தால் ஒரே லாட் பயிற்சியிலும் சோதனையிலும் வந்து மதிப்பெண்ணை ஊதிக் காட்டும். லாட் வாரியாக, முடிந்தால் தேதி வாரியாகப் பிரியுங்கள். பராமரிப்பு முடிந்த மறுநாள் சென்சாரின் அடிமட்டமே நகர்ந்திருக்கும். பராமரிப்புத் தேதியைத் தரவோடு சேர்க்காதவர் மாடல் கெட்டுவிட்டது என்று வாரக்கணக்கில் தேடுவார்.

ஃபேபில் இல்லாதவர்கள் சிறு மின்னணுப் பலகையில் ஏஐ செய்து காட்டலாம். அர்டுயினோ நானோ 33 பிஎல்ஈ சென்ஸில் ரேம் 256 கிலோபைட், ஃபிளாஷ் 1 மெகாபைட். 16 கிலோஹெர்ட்ஸில் 16 பிட்டாக ஒரு நொடிப் பேச்சே 32 கிலோபைட் தின்றுவிடும். மாடல் கற்றுவைத்த எண்களான 32 பிட் எடைகளை 8 பிட்டாக்கினால் மாடல் கால்பங்காகச் சுருங்கும். பழக்கவும் அந்த மாற்றத்துக்கும் கொடுக்கும் மாதிரிகள் உண்மைச் சூழலிலிருந்து வர வேண்டும். கைப்பேசியில் பதிந்த குரலை வைத்துப் பழக்கிவிட்டுப் பலகையின் மைக்கில், மின்விசிறி ஓடும் அறையில் சோதித்தால் துல்லியம் சரிவதற்குக் காரணம் அதுதான். உதிரிப் பாகங்களுக்கு சிம் லிம் டவர் போதும்.

சாட்பாட் செயலி எழுதும் வேலைக்கும் போகலாம். அங்கே மின்னணுவியல் பட்டத்தால் கூடுதல் மதிப்பு எதுவும் இல்லை, கூட்டமும் அதிகம்.

ஏற்கெனவே ஃபேபில் இருப்பவருக்கு உள்நகர்வு, குடிமகனாக இருந்து வெளியே நிற்பவருக்குப் பயிற்சித் திட்டம், காம்பஸில் புள்ளி குறைபவருக்குப் பகுதிநேர முதுகலை என்பது என் வரிசை. பாஸில் இருப்பவர் முழுநேரப் படிப்புக்கு மாறினால் மாணவர் பாஸுக்கு மாற வேண்டிவரும். வேறு நிறுவனத்துக்குத் தாவினால் அந்த நிறுவனம் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்; பாஸுக்கான குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஜனவரி முதல் 5,600 வெள்ளி, நிதித்துறைக்கு 6,200, வயது ஏற ஏற அதுவும் ஏறும். புதிய பாஸுக்கான கொள்கையளவு ஒப்புதல் கடிதம் கைக்கு வரும்வரை பழைய வேலையில் ராஜினாமா கொடுக்காதீர்கள்.