1098-க்கு கால் பண்ணா என்ன நடக்கும்? சென்னைல நான் பாத்தது (4.5/5)

எங்க ஏரியா மெஸ் ஒன்னுல ஒரு சின்னப் பையன் டேபிள் துடைச்சு எச்சில் இலை எடுத்துட்டு இருந்தான், பாத்தா பன்னெண்டு வயசுக்கு மேல சொல்ல முடியாது, அதுவும் ஸ்கூல் நேரத்துல. பிள்ளைங்களுக்கான உதவி எண் 1098-க்கு அடிச்சேன். கடை பேரு, ஏரியா ரெண்டும் போட மாட்டேன், பையன அடையாளம் காட்டுற எதையும் வெளியிடக் கூடாதுன்னு சிறார் நீதிச் சட்டம் 74வது பிரிவே சொல்லுது, தயவுசெஞ்சு கேக்காதீங்க.

ஃபோன் எடுத்தவங்க பொறுமையா கேட்டாங்க. இப்ப அடிக்கிறாங்களா, கடை எப்ப மூடுவாங்க, பையன் ராத்திரி எங்க படுக்கிறான்னு. என் பேரு வேண்டாமேன்னேன், பரவால்ல சார்னு விட்டுட்டாங்க.

1098 டீம் வந்ததும் ஓனர் "நம்ம சொந்தக்காரப் பையன் மேடம், சும்மா ஒத்தாசைக்கு நிக்கிறான்"னு ஆரம்பிச்சாரு. டீம்ல வந்த அந்த மேடம் குரலே உசத்தல, "எந்த வழியில சொந்தம்ங்க?"ன்னு மட்டும் கேட்டாங்க. அந்த ஒரு கேள்விக்குள்ள ஒரு சட்டமே இருக்கு. குழந்தைத் தொழிலாளர் சட்டத்த 2016ல திருத்துனதுக்கு அப்புறம் 14 வயசுக்கு கீழ உள்ள பிள்ளைங்கள வேலைக்கு வைக்கவே கூடாது, குடும்பத் தொழில்னா ஸ்கூல் முடிஞ்சோ லீவுலயோ ஒத்தாசை பண்ணலாம்னு ஒரு விலக்கு இருக்கு, ஆனா அந்தக் குடும்பம்ங்கறது அப்பா அம்மா, கூடப்பிறந்தவங்க, அப்பா அம்மாவோட கூடப்பிறந்தவங்க, அதோட சரி. ஓனர் பதில் சொல்ல முடியாம கல்லாப்பெட்டிய பாத்துட்டு நின்னாரு.

சாப்பிட வந்த ஒருத்தர் வீடியோ எடுக்க ஆரம்பிச்சாரு, உடனே மேடம் நடுவுல வந்து நின்னு ஃபோன உள்ள வைக்கச் சொன்னாங்க. அப்புறம் கை கழுவுற இடத்துக்கு பக்கத்துல படிக்கட்டுல பையனோட உக்காந்து, "தம்பி, உனக்கு என்ன வேணும் சொல்லு"ன்னாங்க. "ரெண்டு மாச சம்பளம் பாக்கிக்கா, அத அம்மாகிட்ட குடுக்கணும்." அவன் சொன்னத அப்படியே எழுதிக்கிட்டாங்க.

நான் இத எழுதுறதே "உனக்கு என்ன வேணும்"ங்கற அந்தக் கேள்விக்காகத்தான். பிள்ளைய பத்தி முடிவு எடுக்கறப்போ பிள்ளை சொல்றத கேக்கணும்னு ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 12வது விதி சொல்லுது, இந்தியா 1992லயே ஒத்துக்கிட்டது, 2015 சிறார் நீதிச் சட்டத்துலயும் இருக்கு. அதனால அந்த மேடம் கேட்டத வெறும் இரக்கம்னு நெனைக்காதீங்க, அது அந்தப் பையனோட உரிமை. இரக்கம்னு விட்டா ஆளுக்கு ஆள் மாறும், நல்ல மூட்ல இருந்தா கேப்பாங்க இல்லன்னா ஜீப்ல தூக்கிப் போட்டுட்டு போவாங்க.

மீட்ட பிள்ளைய 24 மணி நேரத்துக்குள்ள குழந்தைகள் நலக் குழு முன்னாடி நிறுத்தணும், அந்தக் குழுவுல தலைவரோட சேத்து அஞ்சு பேரு, மாஜிஸ்திரேட் பவர் உண்டு. வீட்டு நிலைமைய நேர்ல விசாரிச்சு ரிப்போர்ட் கேப்பாங்க, ஹோம்ல சேக்கறது கடைசி வழிதான். ஓனருக்கும் கேஸ் இருக்கு, சிவகாசி பிள்ளைங்களுக்காக நடந்த வழக்குல 1996லயே சுப்ரீம் கோர்ட் ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபா முதலாளி கட்டணும்னு சொல்லிடுச்சு.

அப்புறமா பையன் எங்க இருக்கான்னு கேட்டேன், சொல்ல முடியாது சார்னுட்டாங்க. சரியான பதில், எனக்கு அதுல வருத்தமே இல்ல.

அரை மார்க் குறைச்சது அரசாங்கத்துக்கு. இவ்வளவு சட்டத்த தெருவுல எறங்கி நடத்துற இந்த ஃபீல்டு ஆளுங்க பெரும்பாலும் காண்ட்ராக்ட் வேலைல இருக்காங்க, ஒரு பிள்ளையோட ஃபைல ஆரம்பிச்சவங்களே முடிக்கணும்னா வேலை நிரந்தரமா இருக்க வேணாமா?

1098 ஃப்ரீ, 24 மணி நேரமும் எடுப்பாங்க, 18 வயசுக்கு கீழ உள்ள எந்தப் பிள்ளைக்காகவும் கால் பண்ணலாம், பிள்ளைங்களே கூட பண்ணலாம். சென்ட்ரல் ஸ்டேஷன்ல தனியா சுத்துற பிள்ளைய பாத்தா அங்கயே உதவி மையம் இருக்கு. கால் பண்றப்போ கடை அடையாளமும் பிள்ளை எந்த நேரத்துல அங்க இருக்கும்னும் தெளிவா சொல்லுங்க, ஓனர்கிட்ட முன்னாடியே போய் சண்டை போடாதீங்க, பிள்ளைய வேற எங்கயாவது மாத்திடுவாங்க.