நாகர்கோவில்ல ரயில் லைன் ஓரம் மனை பாக்கிறவங்க கவனத்துக்கு

கோட்டாறுல இருக்கிற நாகர்கோவில் ஜங்ஷன் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் மனை சல்லிசா வருதுன்னு புரோக்கர் யாராவது கூப்பிட்டா, டோக்கன் குடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க.

1979-ல திருவனந்தபுரம் லைன் வந்துது, 1981-ல திருநெல்வேலி லைன். ஜங்ஷனுக்குள்ள நுழையாம டவுன் ஸ்டேஷன் வழியா போற பைபாஸ் லைன் வேற. இதுக்கு நடுவுல மாட்டின தெருக்கள்ல எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு தண்டவாளம் நிக்கும். அப்படி ஒரு இடத்துலதான் ஒரு புரோக்கர் எனக்கு அஞ்சு செண்ட் காட்டினாரு.

"ரயில்வே அனுமதி வேணும்லா?"ன்னு நான் முதல்லயே கேட்டேன். "அண்ணாச்சி, 30 மீட்டருக்குள்ள இருந்தாத்தான் அனுமதி வேணும், இது தாண்டியாச்சு, பயப்படாதீங்க"ன்னு டேப்பை எடுத்து தண்டவாளத்துல இருந்து அளந்து காட்டினாரு. ரயில்வே தடையில்லாச் சான்றுன்னு ஒரு ஜெராக்ஸும் தந்தாரு. நம்பி டோக்கன் போட்டேன்.

அளவு கணக்கே தப்பு. தமிழ்நாடு கட்டட விதிப்படி அந்த 30 மீட்டரைத் தண்டவாளத்துல இருந்து எண்ணக்கூடாது, ரயில்வே இடத்தோட எல்லையில இருந்து எண்ணணும். புதருக்குள்ள கிடந்த எல்லைக்கல்லைத் தேடிப் பிடிச்சு அளந்தா, கல்லுக்கும் மனையோட பின்பக்கத்துக்கும் நடுவுல பத்து மீட்டர்கூட இல்ல. அந்த ஜெராக்ஸ்ல சர்வே எண் இருக்கற இடம் மட்டும் மங்கலா இருந்துது. வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தா, அது அடுத்த மனைக்காரரோட எண்!

சான்று இல்லாம பிளான் அப்ரூவல் கிடைக்காது, அப்ரூவல் இல்லாம வீட்டு லோனும் கிடைக்காது. இதுல இரட்டைப் பாதைக்கு ரயில்வே தன்னோட இடத்துக்குள்ளேயே இன்னொரு லைன் போட்டா, தண்டவாளமே இன்னும் கிட்ட வந்திரும். வில்லங்கச் சான்றுல இது எதுவும் தெரியாது. பட்டா, பத்திரம் எல்லாம் சுத்தமாத்தான் இருந்துது, அங்கதான் ஆளுங்க ஏமாறுதாங்க. மனையோட எல்லை அளவு காட்டுற புலப்படத்தை (FMB) வாங்கி, சர்வேயரைக் கூட்டிட்டுப் போய் கல்லுல இருந்து அளக்கச் சொல்லுங்க. சான்றோட ஒரிஜினலைக் கேளுங்க.

இன்னொண்ணு. "ஸ்டேஷனுக்கு அஞ்சு நிமிஷம்"னு அவரு சொன்ன வழி தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டுற ஒத்தையடிப் பாதை. அதுல போறது ரயில்வே சட்டப்படி குத்தம். முறையான வழி ரயில்வே கேட் வழியா சுத்திப் போகுது, கேட் அடைச்சா அங்கேயே நிக்கணும். பிள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பறவங்க காலையில ஒரு தடவை போய் நின்னு பாருங்க.

டோக்கன்ல பாதிதான் திரும்பி வந்திருக்கு. மீதிக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கேன். இதே ஜெராக்ஸை வேற யாருக்காவது காட்டியிருந்தா எனக்குச் செய்தி அனுப்புங்க, சேர்ந்து போலீஸ்ல மனு குடுப்போம்.