கால் சுத்தம், கணக்குதான் உதைக்கிறது: பிராய்லர் தீவனத்தில் சீலேட் மினரல்

சீலேட் மினரல் விலை இறங்கியிருக்கிறது. வழக்கமான சல்பேட் உப்புக்குப் பதிலாக, சிங்க், மாங்கனீசு போன்ற தாதுக்களை அமினோ அமிலத்தோடு பிணைத்துக் கொடுப்பதுதான் சீலேட். உடுமலைப் பக்கம் சொந்தமாகத் தீவனம் கலக்கும் தம்பி ஒருவர் உடனே போன் போட்டுவிட்டார்: "அண்ணா, இப்பவாச்சும் சல்பேட்ட விட்டுட்டு இதுக்கு மாறிக்கலாமுங்களா?" பாதிதான் சொன்னேன், மீதி இங்கே. கம்பெனிக் குஞ்சு வளர்ப்பவர்களுக்கு இது பயன்படாது. தீவனம் அவர்களுடையது, அதில் எந்த மினரல் என்பதும் அவர்கள் பாடு.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், போகப்போகக் கோபத்தில் விட்டுப்போகும். கோழியின் பாதம். அதுதான் நான் கண்ட ஒரே பெரிய வித்தியாசம், சின்ன வித்தியாசமும் இல்லை. அடுத்தடுத்த இரண்டு ஷெட், ஒரே ஹேச்சரிக் குஞ்சு, ஒரே மக்காச்சோளம், ஒரே சோயாப் புண்ணாக்கு. ஒன்றில் வழக்கம்போல சல்பேட். டன்னுக்கு சிங்க் 100 கிராம், மாங்கனீசு 100 கிராம் போய்ச் சேரும் கணக்கு. மற்றதில் சீலேட், இரண்டுமே 40 கிராம்தான். ஐப்பசி மழையில் இரண்டு ஷெட்டிலும் தரையில் விரித்த நார்த்தூள் ஈரம் இழுத்தது. சல்பேட் ஷெட்டில் நாலாவது வாரமே பாதத்தில் கறுப்புப் பொருக்கு. சீலேட் ஷெட்டில் கோழியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தால் பெரும்பாலும் மஞ்சளாக, வழவழவென்று இருக்கிறது. தோல் புதுப்பிக்க சிங்க் வேண்டும் என்பது படித்ததுதான். கண்ணால் பார்க்கும்போது சந்தோஷம் வேறு. லோடு ஏற்ற வந்த ஆட்கள்கூட, கீறல் கம்மியாக இருக்கிறதே என்று கேட்டார்கள்.

கோழி தண்ணீர் குடிக்கும் நிப்பிள் ஒழுகினாலும் பாதம் புண்ணாகும், பயோட்டின் என்ற வைட்டமின் குறைந்தாலும் புண்ணாகும். அதனால் முழுப் பெருமையையும் மினரலுக்குக் கொடுக்கவில்லை. ஆனால் அடுத்தடுத்த பேட்ச்களில் ஷெட்டை மாற்றி மாற்றிக் கொடுத்தும் பாதம் மினரல் பின்னாலேயே போனது.

இனி கோபம். எடை? ஒன்றுதான். எஃப்.சி.ஆர், அதாவது ஒரு கிலோ எடை ஏறத் தின்னும் தீவனம்? ஒன்றுதான். பல்லடம் பண்ணை விலை உயிர் எடைக்கு. கிலோவுக்கு இவ்வளவு என்று காலையில் விலை வரும், அதில் பாதத்துக்கென்று தனிக் காசு கிடையாது. சீனாவுக்குக் கோழிப்பாதம் ஏற்றுமதி செய்யும் அமெரிக்கக் கம்பெனிக்கு அது பணம். நம் ஊர்க் கறிக்கடையில் தோலை உரித்து, பாதத்தை வெட்டித் தனியே போட்டுவிடுகிறார்கள். நான் செலவு செய்து வளர்த்த அழகான பாதம் அங்கே போய்ச் சேர்கிறது.

பாதி அளவு உலோகம் போதும் என்று விற்பனைப் பிரதிநிதி சொல்வது பொய்யில்லை. மக்காச்சோளம், சோயாவில் இருக்கும் பைட்டிக் அமிலம் குடலில் சிங்கைப் பிடித்துக்கொள்ளும், கால்சியம் சேர்ந்தால் பிடி இன்னும் இறுகும். சீலேட் ஓரளவு தப்பிப் போகிறது. ஆனால் பிராய்லருக்கு கிலோ தீவனத்தில் சிங்க் 40 மில்லிகிராம் போதும் என்று அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் (என்.ஆர்.சி.) 1994-லேயே எழுதிவிட்டது. நாம் 100 போடுவதில் கொஞ்சம் இன்றைய கோழியின் வேகத்துக்கு, மிச்சம் நம் பயத்துக்கு. அப்படியென்றால் சல்பேட்டையே 40-க்கு இறக்கி, பைட்டிக் அமிலத்தை உடைக்கும் பைட்டேஸ் நொதியையும் போட்டு, அதோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள் என்றேன். மனிதர் உடனே வைட்டமின் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். எனக்கு மூன்றாவது ஷெட் இல்லை, இருந்தால் நானே பார்த்திருப்பேன்.

எல்லாவற்றையும்விட எரிச்சல் மூட்டை. சிங்க் சல்பேட் மோனோஹைட்ரேட் வாங்கினால் 35 சதவீதம் சிங்க். லேபுக்கு அனுப்பினால் எண் வரும், விஷயம் முடிந்தது. சீலேட்டை அனுப்பினாலும் மொத்த சிங்க்தான் வரும். அது அமினோ அமிலத்தோடு பிணைந்திருக்கிறதா, சும்மா கலந்திருக்கிறதா என்று சாதாரண லேப் சொல்லாது. சல்பேட்டில் கிளைசினைக் கொட்டிக் கிளறிக் கொடுத்தாலும் சிங்க் எண்ணும் சரியாக வரும், நைட்ரஜன் எண்ணும் சரியாக வரும். பல மடங்கு விலை கொடுப்பது அந்தப் பிணைப்புக்கு. அதை மட்டும் நம்பிக்கையின் பேரில் வாங்க வேண்டுமாம்! இப்போது விலை இறங்கியதும் எனக்கு வந்த முதல் சந்தேகம், எதைக் குறைத்தார்கள் என்பதுதான்.

எருவில் சிங்க் குறையும், மண்ணுக்கு நல்லது என்றும் ஒரு பேச்சு உண்டு. ஐரோப்பாவில் கோழித் தீவனத்தில் மொத்த சிங்க் கிலோவுக்கு 120 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, அவர்களுக்கு அது நியாயம். இங்கே மண்ணில் சிங்க் பற்றாது என்று நெல்லுக்கு ஹெக்டேருக்கு 25 கிலோ சிங்க் சல்பேட் போடச் சொல்கிறார்கள். என் எருவை எடுத்துப்போகும் தோட்டக்காரர் ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

ஆக, தம்பி, பொருள் வேலை செய்கிறது. பாதத்தைப் பார்த்துவிட்டு யாரும் அதை மறுக்க முடியாது. இருந்தாலும் அடுத்த குஞ்சுக்கு நான் சல்பேட்தான் கலக்கிறேன், சிங்கை 80-க்கு இறக்கி. மீதிக் காசில் ஒழுகும் நிப்பிள்களை மாற்றப்போகிறேன். வெட்டி, பேக் செய்து விற்கும் பிளான்ட் எதனுடனாவது நீங்கள் பேசிவைத்திருந்தால், பாதத்துக்கு என்ன விலை தருவார்கள் என்று கேட்டுவிட்டுப் போன் போடுங்கள்.