பகல்நேர அறுவை சிகிச்சை மையம் ஒன்று: ஓர் அறுவை மருத்துவரின் மதிப்பீடு

தென் மாவட்ட நகரம் ஒன்றில் இயங்கும் இந்த மையத்தில் சில ஆண்டுகளாக நான் அறுவை சிகிச்சை செய்து வருகிறேன். நோயாளியை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதால் மையத்தின் பெயரைத் தவிர்த்து, அங்கு கிடைக்கும் சேவையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கொழுப்புக் கட்டி, சீழ்க்கட்டி, சதைக்குள் வளர்ந்த நகம் போன்றவற்றுக்கு வருபவர்களின் உறவினர்கள் "சின்ன ஆபரேஷன்தானே டாக்டர்" என்று கேட்காமல் இருப்பதில்லை. கீறல் சிறியது என்பது உண்மைதான். ஆனால் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் ஊசிக்கும் கண்டிப்பான வரம்பு உண்டு. இரத்தக் குழாய்களைச் சுருக்கும் அட்ரினலின் கலக்காத மருந்தென்றால் உடல் எடையில் கிலோவுக்கு 4.5 மில்லிகிராம் என்பது வழக்கமான உச்ச அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 2 சதவீத மருந்தில் (மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம்) 13 மில்லிலிட்டரைத் தாண்டக் கூடாது. வரம்புக்குள் கொடுத்தாலும், இரத்தத்தில் வேகமாகக் கலந்துவிட்டால் மூளையையும் இதயத்தையும் அது பாதிக்கக்கூடும்.

கைகளிலும் முதுகிலும் பல கட்டிகள் இருந்த ஒருவருக்கு அதுவே நேர்ந்தது. ஊசி போட்ட சிறிது நேரத்தில் "நாக்கு மரத்துப்போற மாதிரி இருக்கு டாக்டர், காதுல ஏதோ இரையுது" என்றார். நான் கத்தியைக் கீழே வைப்பதற்குள் செவிலியர் ஆக்சிஜன் முகமூடியைப் பொருத்திவிட்டு, அடுத்த அறையிலிருந்த மயக்க மருத்துவரை அழைத்துவிட்டார். வலிப்பு வந்தபோது அதை அடக்கும் மிடசோலம் மருந்து தயாராக இருந்தது. லிக்னோகெயினின் நச்சுத்தன்மைக்கு மாற்று மருந்தாக இரத்த நாளத்தில் செலுத்தும் 20 சதவீதக் கொழுப்புக் குழம்பு, பூட்டப்படாத சிவப்புப் பெட்டியில், கிலோவுக்கு 1.5 மில்லிலிட்டர் என்று அளவு எழுதி ஒட்டிய அட்டையுடன் இருந்தது. பெரிய மருத்துவமனைகளிலேயே மருந்தகத்துக்கு ஆளனுப்பி வாங்கிவர வேண்டிய மருந்து அது. நோயாளி அன்றிரவு வேறொரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் கண்காணிக்கப்பட்டு, நலமாக வீடு திரும்பினார். இங்கு வேலை செய்யும் செவிலியர்களுக்கு நான் மனமார நன்றி சொல்கிறேன்.

வீட்டுக்குப் போன பிறகு கட்டு நனைந்தாலோ வீக்கம் கூடினாலோ நள்ளிரவிலும் பேச ஒரு தொலைபேசி எண் தருகிறார்கள்; அதை எடுப்பவர் பணியிலிருக்கும் மருத்துவரே. இரத்தக் கசிவு பெரும்பாலும் முதல் நாளிலேயே தெரியவரும் என்பதால் இது மிகவும் பயனுள்ள ஏற்பாடு.

குறைகளும் உண்டு. சேர்க்கைப் படிவத்தில் சர்க்கரை, இரத்த அழுத்தம், ஒவ்வாமை பற்றிய கேள்விகள் இருக்கின்றன. ஆஸ்பிரின், குளோபிடோகிரல் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளைப் பற்றிய கேள்வி இல்லை. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் அவற்றைத் தாமாகவே சொல்வதில்லை, தாமாகவே நிறுத்துவதும் ஆபத்து. அதைவிடப் பெரிய குறை, ஆபரேஷன் தியேட்டர் முதல் மாடியில் இருந்தும் ஸ்ட்ரெச்சர் நுழையும் அளவுக்கு லிஃப்ட் இல்லாதது. மேற்சொன்ன நோயாளியை நான்கு பேர் சேர்ந்து படிக்கட்டு வழியாகத்தான் ஆம்புலன்ஸுக்கு இறக்கினோம். மற்றவர்களுக்கு இந்த மையத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். இதய நோயாளிகளையும் உடல் பருமன் மிகுந்தவர்களையும் மட்டும், அந்த லிஃப்டை மாற்றும்வரை, தரைத்தளத்தில் தியேட்டர் உள்ள மருத்துவமனைக்கே அனுப்பி வருகிறேன்.