டேங்க் அடியில் வயரிங்: குழாயின் அடிப்புறமா, பக்கவாட்டா?

பழைய புல்லட் 350-க்குப் புது வயரிங் இழுக்கும்போது, ஹெட்லைட்டிலிருந்து பேட்டரி வரை இரண்டு வழி உண்டு.

டேங்க் உட்காரும் சட்டத்தின் மேல் குழாய்க்கு அடிப்புறம் வயரைக் கட்டினால் டேங்க் நசுக்காது. ஆனால் இன்ஜினின் உச்சியில் இருக்கும் சிலிண்டர் ஹெட்டின் சூடு நேரே ஏறும். வயரின் பிவிசி உறை நாளடைவில் இறுகி வெடிப்பு விடும்.

குழாயின் பக்கவாட்டில் சூடு குறைவு. டேங்கின் உட்குழிவில் உரசினால் மட்டும் உறை தேய்ந்து ஷார்ட் ஆகும். 15 செ.மீ.க்கு ஒரு கட்டு போட்டு, வயரின் மேல் களிமண் உருண்டை ஒட்டி, டேங்கை ஒருமுறை உட்கார வைத்து எடுங்கள். உருண்டை தட்டையாக நசுங்கிய இடத்தில் வயரைக் கீழே நகர்த்த வேண்டும். இந்தச் சிரமம் இருந்தாலும் பக்கவாட்டுதான் நல்லது.

எந்த வழியானாலும் ஹேண்டில்பாரை இருபுறமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து, ஹேண்டில்பார் திரும்பும் கழுத்தருகே வயருக்குத் தளர்வு விட்ட பிறகே கட்டை இறுக்குங்கள். இழுபட்டால் உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும், வெளியே தெரியாது. எர்த் வயரைச் சட்டத்தில் பிடிக்கும் இடத்தில் புது பெயிண்ட் அடித்திருந்தால் சுரண்டிவிடுங்கள்.