புள்ளியியலில் முதல் அடி வைப்பவருக்கு ஆர் மென்பொருள்: ஓர் ஆசிரியையின் மதிப்புரை

உயிரியல், உளவியல் மாணவர்களுக்கு நான் அறிமுகப் புள்ளியியல் கற்பிக்கிறேன். நிகழ்தகவுப் பரவல்களையும் எடுகோள் சோதனையையும் முதன்முறையாகப் படிப்பவர்கள் கையில் ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளைக் கொடுக்கலாமா என்று சக ஆசிரியர்கள் என்னைக் கேட்பதுண்டு. தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் விடை எடுப்பதற்காகக் கொடுத்தால் பாதிப் பயன் வீணாகும். தற்செயல் என்பது எப்படி நடந்துகொள்ளும் என்று கண்ணால் காட்டுவதற்கு இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது.

நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இருவர் தொடங்கிய பணி இது. 1.0.0 பதிப்பு 2000 பிப்ரவரி 29 அன்று வெளிவந்தது. கட்டணம் கிடையாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். பட்டன்களை அழுத்திப் பழகியவர்களுக்குக் கட்டளைகளைத் தட்டச்சு செய்வது முதலில் மலைப்பாகத்தான் இருக்கும். சில வகுப்புகளில் அந்த மலைப்பு போய்விடும்.

பரவல்களைக் கையாளும் முறையில் இதன் அமைப்பு மிக அழகானது. ஈருறுப்புப் பரவலுக்கு 'பைனாம்', பாய்சானுக்கு 'பாய்ஸ்', இயல்நிலைப் பரவலுக்கு 'நார்ம்' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறும்பெயர் உண்டு. அதன் முன்னால் டி (d), பி (p), கியூ (q), ஆர் (r) என்ற நான்கு எழுத்துகளில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். டி என்றால் ஒரு மதிப்பின் நிகழ்தகவு. தொடர் பரவலானால் அடர்த்தி. பி என்றால் அந்த மதிப்பு வரைக்குமான மொத்த நிகழ்தகவு. கியூ அதைத் திருப்பிப் போடும்: திட்ட இயல்நிலைப் பரவலில் 0.975 என்று கொடுத்தால் 1.96 வரும். ஆர் என்ற எழுத்து அந்தப் பரவலிலிருந்து எண்களைக் குலுக்கி எடுத்துத் தரும். ஒரு பரவலில் இந்த நான்கையும் பழகிவிட்ட மாணவி அடுத்த பரவலைத் தானாகவே திறந்து பார்க்கிறாள். பாடநூலின் பின்னிணைப்பில் வரிசைவரிசையாக நிற்கும் அட்டவணைகள் அவளுக்கு இந்தத் துணிச்சலைத் தந்ததில்லை.

சிக்கல்களையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தொடக்க நிலையில் இருப்பவர் தடுக்கி விழும் இடங்கள் இவைதான். சீரான நாணயத்தை 100 முறை சுண்டினால் 60 தலைகளோ அதற்கு மேலோ விழும் வாய்ப்பு 0.0284. இதைப் பெற, 59 தலைகள் வரைக்குமான மொத்த நிகழ்தகவை 1 என்ற எண்ணிலிருந்து கழிக்க வேண்டும். 59க்குப் பதில் 60 என்று எழுதினால் 0.0176 வந்து நிற்கும். இயல்நிலைப் பரவலுக்குப் பாடநூல்கள் வழக்கமாகத் திட்ட விலக்கத்தின் வர்க்கத்தை எழுதும், ஆர் திட்ட விலக்கத்தையே கேட்கும். முதல் வெற்றிக்கான காத்திருப்பை அளக்கும் பெருக்குப் பரவலில் முரண் இன்னும் கூர்மையானது. முதல் வெற்றி எத்தனையாவது முயற்சியில் என்று எண்ணும் நூல்கள் பல. ஆர் அந்த வெற்றிக்கு முன் எத்தனை தோல்விகள் என்று எண்ணும். பகடையில் முதல் ஆறு மூன்றாம் வீச்சில் விழ நிகழ்தகவு 0.1157. ஆரிடம் இதைக் கேட்க 2 என்று கொடுக்க வேண்டும். 3 என்று கொடுத்தால் அது மறுக்காது, எச்சரிக்காது, 0.0965 என்று அமைதியாகத் தவறான கேள்விக்குச் சரியான விடை தரும். இவை எல்லாம் உதவிப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கின்றன; அந்தப் பக்கத்தைப் படிக்கும் பழக்கத்தை முதல் நாளிலேயே ஊட்டிவிட வேண்டும்.

இனி எடுகோள் சோதனை. இங்கேதான் ஆர் என் மனத்தை முழுமையாக வென்றது. வேறுபாடே இல்லை என்ற இன்மை எடுகோள் சரியானால், கையில் கிடைத்த அளவோ அதற்கு மேலோ வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்புதான் பி-மதிப்பு. இதை எத்தனை விதமாகச் சொன்னாலும், "இன்மை எடுகோள் உண்மையாக இருக்கும் வாய்ப்பு" என்றே மாணவர்கள் தேர்வில் எழுதிவைப்பார்கள். அதனால் விளக்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு சோதனை செய்யச் சொல்கிறேன். ஒரே இயல்நிலைப் பரவலிலிருந்து 20 எண்கள் கொண்ட இரு மாதிரிகளை எடுத்து, இரு சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனை (t) நடத்தி, பி-மதிப்பைக் குறித்துக்கொள்ள வேண்டும். இதை 10,000 முறை செய்ய ஆருக்கு ஒரு வரி போதும். வரும் பி-மதிப்புகளை வரைபடமாக்கினால் பட்டைகள் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கும். சுமார் 500 மதிப்புகள், வழக்கமான எல்லையான 0.05க்குக் கீழே விழும். இரு குழுக்களும் ஒன்றே என்று நமக்குத் தெரியும், நாமே அப்படி உருவாக்கினோம். ஆனாலும் 500 முறை "வேறுபாடு இருக்கிறது" என்று முடிவு கட்டியிருப்போம். முதல் வகைப் பிழை என்ற சொல்லை நான் அதற்குப் பிறகுதான் கரும்பலகையில் எழுதுகிறேன். அடுத்து, ஒரு குழுவின் சராசரியை அரைத் திட்ட விலக்கம் உயர்த்திவிட்டு மறுபடியும் ஓடவிடுகிறோம். இப்போது வேறுபாடு உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் சோதனை அதைப் பிடிப்பது மூன்றில் ஒரு பங்கு தடவைதான். சிறிய ஆய்வில் "வேறுபாடு தென்படவில்லை" என்று வந்தால் அதற்கு எவ்வளவு குறைந்த பொருள் என்பதை அந்த வரைபடம் காட்டிவிடும்.

நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஆர் தானாகவே எடுத்துக்கொள்ளும் அமைப்புகள் பற்றி வகுப்பில் தவறாமல் பேச வேண்டும். 100 சுண்டலில் 60 தலைகள், நாணயம் சீரானதா? பாடநூல் வழியில் இயல்நிலைத் தோராயம் போட்டால் பி-மதிப்பு 0.0455. ஆரின் விகிதச் சோதனை தொடர்ச்சித் திருத்தத்தை (முழு எண்ணிக்கைகளைத் தொடர் வளைவால் தோராயப்படுத்தும்போது செய்யும் சிறு சரிக்கட்டலை) தானே சேர்த்துக்கொண்டு 0.0574 என்கிறது. துல்லியமான ஈருறுப்புச் சோதனை 0.0569 தருகிறது. ஒரே நாணயம், ஒரு விடை 0.05 கோட்டுக்கு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம். கையால் போட்ட கணக்கு ஒத்துவராமல் மாணவர் குழம்புவது நியாயமே. இதைக் குறையாக மட்டும் நான் பார்க்கவில்லை. 0.05 என்பதைக் கல்லில் வெட்டிய எல்லையாக நினைக்கக் கூடாது என்று சொல்ல இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

ஆருடன் சேர்ந்தே வரும் 'ஸ்லீப்' என்ற சிறு தரவை அவசியம் பாருங்கள். பத்து நோயாளிகள், இரண்டு மருந்துகள், ஒவ்வொன்றாலும் கூடிய தூக்க நேரம். 1908இல் ஸ்டூடன்ட் என்ற புனைபெயரில் வில்லியம் காசெட் டி-பரவல் பற்றிய கட்டுரையில் பயன்படுத்திய எண்கள் இவை. மருந்துகளின் சராசரிகள் 0.75 மணி, 2.33 மணி. இரண்டையும் தனித்தனிக் குழுக்களாகப் பாவித்து டி-சோதனை நடத்தினால் பி-மதிப்பு 0.079. இந்தச் சோதனையில் ஆர் இயல்பாகவே வெல்ச் முறையைக் கையாள்கிறது. இரு குழுக்களின் திட்ட விலக்கமும் சமம் என்று ஊகிக்காத அந்தத் தேர்வு எனக்குப் பிடித்தது. ஆனால் இரண்டு மருந்தையும் எடுத்தவர்கள் அதே பத்துப் பேர். அதைச் சொல்லி இணைச் சோதனையாக நடத்தினால் பி-மதிப்பு 0.0028 ஆகிறது. ஆளுக்கு ஆள் தூக்கம் மாறுவதால் வந்த இரைச்சல் கழிந்துபோகிறது. எண்கள் மாறவில்லை, ஆய்வு எப்படி நடந்தது என்ற செய்திதான் கூடியது. ஒரு வகுப்பு முழுவதையும் இதற்கே கொடுப்பேன், அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஒரு குறிப்பு: 4.4.0 பதிப்பிலிருந்து இணைச் சோதனைக்கான பழைய வாய்பாட்டு எழுத்துமுறை ஏற்கப்படுவதில்லை. பழைய பாடக்குறிப்புகளிலிருந்து படி எடுத்தால் பிழைச் செய்திதான் வரும். இரு தொகுதிகளையும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும்.

சோதனை முடிவை அச்சிடும்போது ஆர் "நிராகரி", "ஏற்றுக்கொள்" என்று தீர்ப்பு சொல்வதில்லை. உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லைகளைக் காட்டும் நம்பிக்கை இடைவெளியையும் பல சோதனைகளில் கூடவே தருகிறது. நல்ல வழக்கம். ஆனால் தொடர்புப் போக்கு (ஒரு மாறியைக் கொண்டு மற்றொன்றைக் கணிக்கும் முறை) போன்றவற்றின் அட்டவணைகளில் பி-மதிப்பின் பக்கத்தில் நட்சத்திரக் குறிகள் அணிவகுக்கின்றன. மாணவர்களின் கண் நேராக அங்கேதான் போகிறது. அமைப்பில் அவற்றை அணைத்துவிடுங்கள். மிகச் சிறிய பி-மதிப்புகளை 2.2 பெருக்கல் பத்தின் அடுக்கு கழித்தல் 16க்கும் குறைவு என்று காட்டும் வரியையும் விளக்கிவிடுங்கள். இல்லையென்றால் அறிக்கையில் பூஜ்யம் என்று எழுதிவிடுவார்கள்.

உதவிப் பக்கங்களின் நடை வறண்டதுதான், தொடக்கநிலையினரை மனத்தில் வைத்து எழுதியதல்ல. ஆனால் ஒவ்வொன்றின் கடைசியிலும் உள்ள எடுத்துக்காட்டுகள் பொக்கிஷம். சிறு எண்ணிக்கைகள் கொண்ட அட்டவணைக்கான ஃபிஷர் சோதனைப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். எட்டுக் கோப்பைத் தேநீர், நான்கில் பால் முதலில் ஊற்றப்பட்டது. சுவைத்துப் பார்த்தவர் அந்த நான்கில் மூன்றைச் சரியாகச் சொல்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒருபக்கச் சோதனையில் பி-மதிப்பு 17/70, அதாவது 0.243. பிறகு நான்கும் சரியென்று அட்டவணையை மாற்றி மறுபடி இயக்குங்கள். 1/70 வரும்.