சானூரில் ஓராண்டு வாழப் போய் 12,600 வெள்ளியை இழந்தோம்

நேற்று முன்தினம் இரவுதான் பாலியிலிருந்து சிங்கப்பூர் திரும்பினோம். ஓராண்டு தங்கப் போனவர்கள் ஒன்பதே நாளில் வந்து நிற்கிறோம். 12,600 சிங்கப்பூர் வெள்ளி போய்விட்டது. கோபம் தணிந்த பிறகு எழுதினால் நாகரிகம் கருதிச் சிலவற்றை விட்டுவிடுவேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

நான் தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள். என் கணவருக்கு மூட்டுவலி. விமானத்தில் இரண்டரை மணி நேரத் தொலைவில், பவளத்திட்டு அலைகளைத் தடுத்து நிறுத்துவதால் குளம்போல் கிடக்கும் பாலியின் சானூர் கடலும், அதன் ஓரமாகவே கிலோமீட்டர் கணக்கில் நீளும் நடைபாதையும் அவருக்கு உகந்தவை என்று எண்ணினோம். ஓராண்டு இருந்து பார்ப்போம், பிடித்தால் நீட்டிப்போம் என்பதுதான் திட்டம்.

ஏற்பாட்டுக்கு நாங்கள் போனது சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் ஒரு கடைவீட்டின் மாடிக்கு. வெளிநாட்டில் குடியேற விரும்புவோருக்கு வீடும் விசாவும் ஏற்பாடு செய்து தரும் சிறிய அலுவலகம் அது. பெயரைக் காவல்துறையிடம் கொடுத்திருப்பதால் இங்கே எழுதவில்லை. அதை நடத்தியவர் நல்ல தமிழ் பேசினார். நான் ஆசிரியை என்று தெரிந்ததும் தம் தாயாரும் தமிழாசிரியர்தான் என்றார். கைப்பேசியில் காணொளி அழைப்பு போட்டு, சானூரில் இருந்த ஒரு பெண்ணை வீட்டு வாசலிலிருந்து கடற்கரை வரை நடக்கச் சொல்லிக் காட்டினார். நான் காசோலைப் புத்தகத்தை எடுத்தபோது, “அக்கா, இன்றைக்கே முழுவதும் வேண்டாம். 2,000 மட்டும் கொடுங்கள், வீட்டில் கலந்து பேசிவிட்டு மீதியைத் தரலாம்” என்று என் கையைத் தடுத்தார். பணம் வேண்டாம் என்று சொல்பவர் ஏமாற்றமாட்டார் என்று நம்பினேன். நான் முழுதாக நம்பிய நொடி அதுதான்.

ஒரு வாரத்தில் அழைத்தார். வேறொரு குடும்பம் அதே வீட்டைக் கேட்கிறதாம். இந்தோனேசியாவில் ஆண்டு வாடகையை மொத்தமாக முன்கூட்டியே கொடுப்பது வழக்கம் என்பது எனக்குத் தெரியும். அதனால் சந்தேகம் எழவில்லை. வாடகை 9,600, இருவருக்கும் கித்தாஸ் எனப்படும் தங்கும் அனுமதிக்கு 3,000, ஆக 12,600 வெள்ளி. மீதி 10,600 வெள்ளியை பேநவ் என்னும் வங்கிப் பணமாற்றுச் சேவை வழியாக அனுப்பும்போது திரையில் நிறுவனத்தின் பெயர் வரவில்லை, யாரோ ஒரு தனிமனிதரின் பெயர் வந்தது. கேட்டேன். “எங்கள் கணக்காளர், அக்கா” என்றார். அனுப்பிவிட்டேன்.

பாலி விமான நிலையத்திலேயே முதல் அடி விழுந்தது. அவர் தந்த அனுமதிக் கடிதத்தின் கியூஆர் குறியீட்டைக் குடிநுழைவு அதிகாரி இரண்டு முறை சோதித்துவிட்டுத் தலையை ஆட்டினார். சிங்கப்பூர் கடப்பிதழுக்கு அங்கே 30 நாள் விசா விலக்கு உண்டு என்பதால் உள்ளே போக முடிந்தது. அந்தக் கடிதத்தை நம்பி 30 நாளைத் தாண்டித் தங்கியிருந்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு பத்து இலட்சம் ரூப்பியா அபராதம் கட்டியிருப்போம்.

வீடு இருந்தது. காணொளியில் பார்த்த அதே நீலக் கதவு, அதே மரமல்லி. ஆனால் அலுவலகத்தில் உறையிலிட்டுத் தந்த சாவி பூட்டுக்குள் பாதிகூட நுழையவில்லை. என் கணவர் அதைத் திருப்பித் திருப்பி முயன்றுகொண்டிருக்கும்போதே உள்ளிருந்து ஒரு பெண் கைக்குழந்தையுடன் கதவைத் திறந்தார். அவர்கள் நான்கு ஆண்டுகளாக அங்கே குடியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எங்களைப் பஞ்சார் என்னும் ஊர்ச் சபையின் தலைவரிடம் அழைத்துப் போனார். அவர் எங்கள் ஒப்பந்தத்தை வாங்கிப் பார்த்து, கையொப்பம் இருந்த இடத்தில் விரலை வைத்து, ஒப்பந்தங்களில் ஒட்டும் 10,000 ரூப்பியா மெத்தராய் வருவாய் முத்திரைகூட ஒட்டவில்லையே என்றார். அந்த மனிதருக்குத்தான் எங்கள்மேல் உண்மையான இரக்கம் இருந்தது. வெயிலில் நின்ற எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

அதன் பிறகு அந்தத் தேக்கா அலுவலகக்காரரிடமிருந்து வந்த பதில்களை வரிசையாகச் சொல்கிறேன். முதல் நாள், “தவறான சாவியைக் கொடுத்துவிட்டார்கள், அக்கா, நாளைக்குச் சரியாகிவிடும்.” மறுநாள், வீட்டு உரிமையாளர் குடும்பத்தில் துக்கம். மூன்றாம் நாள், நியெப்பி என்னும் பாலி இந்துக்களின் மௌன நோன்புக்காக அலுவலகங்கள் எல்லாம் மூடியிருக்கின்றன என்றார். நியெப்பி மார்ச் மாதத்தை ஒட்டி வருவது; நாங்கள் போனது ஜூலையில்! அதைச் சொன்னதும், “வயதானவர்கள் பதற்றப்படக் கூடாது” என்று எனக்கே அறிவுரை சொன்னார். ஐந்தாம் நாள் முதல் அழைப்பை எடுக்கவில்லை. திரும்பி வந்து மாடிப்படி ஏறிப் பார்த்தால் கதவில் பூட்டு. கீழே உள்ள மளிகைக்கடைக்காரர், “மூன்று வாரமாக ஆளையே காணோமே” என்கிறார். அப்படியென்றால் நாங்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே அவர் காலி செய்துவிட்டார். 12,600 வெள்ளி. தங்குவிடுதிச் செலவை இதில் சேர்க்கவில்லை.

இப்படி இடம்பெயர நினைப்பவர்களுக்கு விரிவான வழிகாட்டி எழுதுவதாகத் தங்கையிடம் சொல்லியிருந்தேன். இப்போது மனம் அதற்கு ஒத்துழைக்கவில்லை. சிலவற்றை மட்டும் சொல்கிறேன். பேநவ் திரையில் வரும் பெயர் நிறுவனத்தின் பெயராக இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். நிறுவனத்தின் பதிவெண்ணை, சிங்கப்பூரில் நிறுவனங்களைப் பதிவு செய்யும் அமைப்பான அக்ராவின் தளத்தில் தேடுங்கள். விசாவுக்கு இந்தோனேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் நீங்களே விண்ணப்பியுங்கள். முதலில் விசா விலக்கில் போய், விடுதியில் தங்கி, வீட்டின் கதவை உங்கள் கையால் திறந்து பார்த்த பிறகே வாடகையைக் கொடுங்கள். வெளிநாட்டவருக்குச் சொந்த நிலமே வாங்கித் தருவதாக யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அந்நாட்டின் 1960ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி முழு உரிமை குடிமக்களுக்கு மட்டுமே. ஐயம் வந்தால் 1799 என்ற சிங்கப்பூரின் மோசடித் தடுப்பு எண்ணை அழையுங்கள்.

தேக்காவில் இத்தகைய மாடி அலுவலகம் ஒன்றில் அண்மையில் யாராவது பணம் கொடுத்திருந்தால், தயவுசெய்து இன்றே காவல்துறையில் புகார் செய்யுங்கள். என் புகாரை நேற்றுக் காலை கொடுத்துவிட்டேன். உங்களுடையதும் சேர்ந்தால்தான் இது ஒரு குடும்பத்தின் கதையாக நின்றுவிடாது.